முதுகு காட்டி நின்ற மார்லிஸ்

டுலூத் பேஸ்பால் மைதானத்தில் பதினாலாம் பகுதி மார்லிஸ் ஹாபலாவின் பொறுப்பு. பக்கத்துப் பகுதி என்னுடையது. டிக்கெட் பார்ப்பது, சீட் காட்டுவது, மழையில் நனைந்த சீட்டைத் துடைத்துக் கொடுப்பது, கலாட்டா செய்கிறவனைத் தோளில் தட்டி வெளியே அனுப்புவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அதை ஒருநாளும் மதித்ததில்லை. மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டாலே என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். மார்லிஸின் கழுத்து திரும்பாது. இத்தனை கோடைக்காலங்களில் அவள் ஒரு பந்தையாவது முழுசாகப் பார்த்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆள் குள்ளம், அகலம். கூப்பிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: சீட்டிலிருந்து களத்துக்குள் எதையும் வீசக் கூடாது. கப் கூடாது, காகிதம் கூடாது, கடலைத் தோல் கூடாது. ஒரு ஜூலை மாதம் அவள் புருஷன் ராய்க்கு நடுவர்மேல் கோபம் வந்து கையிலிருந்த வேர்க்கடலையை உள்ளே விசிறியடித்தான். மார்லிஸ் நேராக அவன் சீட்டுக்குப் போனாள்.

"எந்திரி, ராய்."

"மார்லி, நான் உன் புருஷன்!"

"தெரியுது. அதான் மரியாதையா சொல்றேன். எந்திரி."

"வண்டிச் சாவி உன்கிட்ட இருக்கே, நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"பஸ் ஓடுது."

பகுதியே எழுந்து கைதட்டியது. ராயும் கைதட்டிக்கொண்டேதான் போனான். நல்ல மனுஷன். குளிர்காலம் முழுக்க நகராட்சிக்காகத் தெருக்களில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பாள்; கோடையில் பள்ளி மூடினால் வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் மைதானத்துக்கு வந்தவள்.

இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்தவள் அவள். அப்பா தாதுத் துறையில் கூலி. நாலு அண்ணன்கள். அவர்கள் கொல்லையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஹாக்கி ஆடுவார்கள். தங்கச்சியைக் கோல் வாயில் நிறுத்திவிடுவார்கள். காலில் தலையணையைக் கட்டிக்கொண்டு, அண்ணன்கள் அடித்ததையெல்லாம் நெஞ்சில் வாங்கியவள். ஆட்டம் தெரியாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. ஒரே மகன் எரிக். அவனுக்கு ஸ்கேட் கட்டிவிட்டவளும் அவள்தான், விடியுமுன் இருட்டில் வண்டியோட்டி அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

வினை எரிக்கின் ஏழாவது வயதில் ஆரம்பித்தது. அம்மா களத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பையனின் மட்டையில் வட்டு நிற்காது; பனி ஹாக்கியில் பந்துக்குப் பதில் ரப்பர் வட்டுதான். அவள் சூடான சாக்லேட் வாங்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் கோல் விழுந்திருக்கும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உபசரிக்க ஆரம்பித்தார்கள். ஆட்டம் இழுபறி என்றால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் அவளைச் சுற்றி வந்துவிடுவார்கள்.

"மார்லிஸ், போய் ஒரு காபி குடிச்சிட்டு வாயேன். ரொம்பக் களைச்சுப்போயிட்ட."

"இப்பத்தானே குடிச்சேன்."

"அது போன கோலுக்கு."

பள்ளிக்கூட அணியின் பயிற்சியாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு முக்கியமான ஆட்டத்தின் நடுவில் பெஞ்சிலிருந்து திரும்பி, "மேடம், உங்க கார்ல விளக்கு எரிஞ்சிட்டிருக்கு போல," என்றார்.

"நான் கார்லயே வரலியே."

"அப்ப நிதானமா தேடிப் பாத்துட்டு வாங்க."

மூடநம்பிக்கைதான். எனக்குத் தெரியாதா? ஆனால் ஹாக்கிக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஜெயித்த நாளில் போட்டிருந்த காலுறையைத் தோற்கும்வரை துவைக்காத ஜாதி அது. மார்லிஸும் அந்த ஜாதிதான். மகன் தொழில்முறை ஆட்டக்காரனாகி டெக்சஸ், ஐடஹோ என்று ஊர் ஊராக அலைந்தபோது அவள் போனதே இல்லை. முப்பத்துநாலு வயதில், முழங்கால்கள் இரண்டும் கெட்டுப்போய், எங்கள் ஊர் ஃபாக்ஹார்ன்ஸ் அணிக்கு ஆட எரிக் திரும்பி வந்தான். வந்ததுமே சொல்லிவிட்டான், இதுதான் கடைசி வருஷம் என்று. அப்போதும் அவள் அரங்கத்துக்குப் போனால் பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் நடைபாதையிலேயே நின்றுவிடுவாள். மகன் போட்ட ஒரு கோலைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

இப்படியிருக்கும்போதுதான், ஜனவரியில் ஃபாக்ஹார்ன்ஸும் கனடாவிலிருந்து வரும் தண்டர் பே அணியும் எங்கள் பேஸ்பால் மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ் மோதப்போகின்றன என்று அறிவித்தார்கள்.

பனிக்களம் அமைக்கும் வேலை நடந்த நாட்களில் எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. பந்து வீசுகிறவன் நிற்கும் மேட்டை எங்கள் மைதானக்காரர் வெஸ்லி பிள்ளையை வளர்க்கிற மாதிரி வளர்த்திருந்தார். அதைச் சீவித் தரைமட்டமாக்கினார்கள். வெஸ்லி பார்க்கமாட்டேன் என்று கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் தளம் போட்டார்கள், குழாய் பதித்தார்கள், குளிரூட்டும் லாரிகளைக் கொண்டுவந்து முதலாம் பேஸ் பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். லாரிகளுக்கு அவ்வளவு இடம் போனதால் பனிக்களத்தை எங்கள் பகுதிகள் இருக்கும் மூன்றாம் பேஸ் பக்கம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. கள வேலி பதினாலாம் பகுதியின் முதல் வரிசைக்குக் கிட்டத்தட்ட கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. குழாய்களின்மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளித்துத் தெளித்து, ஒவ்வொரு படலமாக உறையவைத்தார்கள். பகலில் வெயில் தலைகாட்டினால் உடனே வெள்ளிப் போர்வைகளை இழுத்து மூடுவார்கள். டுலூத்தில் ஜனவரி வெயிலுக்குப் பயந்த ஆட்களை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிச் சமையல் முடிந்ததும் மார்லிஸ் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் வேலிமேல் கையூன்றிக்கொண்டு சொன்னாள்:

"ஹார்லன், இவ்வளவு கிட்டத்துல போட்டுட்டாங்களேய்யா."

"நல்லதுதானே. உன் புள்ள மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"கேக்கும். பாக்கத்தான் முடியாது." வேலிமேல் விழுந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள். "ஒண்ணே ஒண்ணு பாத்துடணும்னு ஆசையா இருக்குய்யா. அவன் விடப்போறான். நான் பாக்காமயே முடிஞ்சிடும்."

"அப்ப திரும்பிப் பாரு. யார் தடுக்குறா?"

"நான் திரும்பினா அது விழாதே."

காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆட்டத்தன்று ஊரே வந்தது. தண்டர் பேயிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஏரிப் பக்கமிருந்து மேகம் கவிந்து, பொடிப் பொடியாகப் பனி விழுந்தது. ஜனங்கள் காலடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் நின்றார்கள். பிளாஸ்கில் காட்டரிசி சூப், சட்டைப் பையில் வேறு ஏதோ. எல்லாத் தலையிலும் கம்பளித் தொப்பி. எங்களுக்கு மட்டும் மைதானத்து நீலத் தொப்பி, காதை மூடாத தரித்திரம்.

ஆட்டத்துக்கு முன் கைகால் சூடேற்றிக்கொள்ள வந்த எரிக், நேராக வேலியோரம் சறுக்கி வந்து நின்றான்.

"அம்மா! இன்னிக்கு மாட்டிக்கிட்ட. இங்க பாப்கார்ன் மிஷின் கிடையாது."

"எனக்கு வேல இருக்குடா. போய் ஆடு."

"ஒரே ஒரு தடவ திரும்பேன். கோல் விழலேன்னா போகுது."

"உனக்குப் போகும். உன் டீமுக்கு? போடா, பனிய சூடாக்காத."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் பகுதியைப் பார்த்து நின்றாள். முதல் வரிசையில் ராய், பச்சைக் குஞ்சம் வைத்த தொப்பியோடு.

மூன்று கட்டங்களில் முதல் கட்டத்திலேயே ஃபாக்ஹார்ன்ஸ் ஒன்று போட்டது. கோல் வாய்முன் ஒரே கும்பல். தூரத்திலிருந்து லுண்டீன் என்ற பையன் அடித்தது யார்மேலோ பட்டு உள்ளே போன மாதிரி இருந்தது. கோலுக்கு ஊதுவதற்கென்று வைத்திருந்த கப்பல் சங்கு அலறியது. கடைசியாக யார்மேல் பட்டதோ கோல் அவன் பேரில்தான்; ஒலிபெருக்கி எரிக் ஹாபலா என்றது. மார்லிஸ் பார்த்தது தன் பகுதியின் முகங்களைத்தான். எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தன, கிழவர்கள் குதித்தார்கள், ராய் பக்கத்து ஆளின் மொட்டை மண்டையில் முத்தம் கொடுத்தான். அவள் என்னைப் பார்த்து, "போட்டான்ல?" என்றாள்.

"போட்டான்!"

கன்னம் இரண்டும் சிவந்துபோயின. ஆனால் திரும்பவில்லை.

இரண்டாம் கட்டத்தில் தண்டர் பே சமன் செய்தது. எரிக் மறுபடி ஒன்று போட்டான், தெளிவான கோல். சங்கு, கூச்சல், ராயின் முத்தம். மார்லிஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இடியே விழுந்தாலும் எனக்கென்ன என்கிற நிற்பு. அப்போதுதான் கல்லூரிப் பயல்கள் இரண்டு பேர் காலடிப் பனியை உருட்டித் தண்டர் பே கோல்கீப்பர்மேல் எறிந்தார்கள். அவர்களை மார்லிஸ் காதைப் பிடிக்காத குறையாக வெளியேற்றினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரித்தார்: இனி பனிமேல் எது விழுந்தாலும் உள்ளூர் அணிக்குத் தண்டனை, இரண்டு நிமிஷம் ஓர் ஆள் குறைத்து ஆட வேண்டும்.

"கேட்டுக்கிட்டீங்களா? உங்க கைய உங்க மடியில வச்சுக்குங்க!" என்று மார்லிஸ் கத்தினாள். ஒலிபெருக்கியைவிட அதுதான் நன்றாகக் கேட்டது.

தண்டர் பே மறுபடியும் சமன் செய்தது. கடைசிக் கட்டம் முடிய ரொம்ப நேரமில்லை. எரிக் வேலியோரமாகவே வட்டை இழுத்து வந்து, கோல்கீப்பரைப் படுக்க வைத்துவிட்டு, மேலே தூக்கிப் போட்டான். மூன்றுக்கு இரண்டு.

ஒரே ஆள் மூன்று கோல் போட்டால் தொப்பியைக் கழற்றிப் பனியில் வீசுவது ஹாக்கியில் வழக்கம். அதற்கு மட்டும் தண்டனை கிடையாது. ராய் எழுந்தான். "ஹாட்ரிக்! எம் புள்ள ஹாட்ரிக்!" என்று பச்சைத் தொப்பியை வீசினான். அவ்வளவுதான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மேல் வரிசை. மேலே இருந்தவர்கள் படியில் ஓடிவந்து வீசினார்கள். என் பகுதியும் வீசியது. களம் தெரியவில்லை, தொப்பிதான் தெரிந்தது. மார்லிஸ் தடுக்கவில்லை. வழக்கம் வழக்கம்தானே. காற்று தொப்பிகளைச் சுழற்றியடிக்க, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொப்பிகளைப் பனிவாரியால் தள்ளிப் பீப்பாய்களில் அள்ளிக்கொண்டிருக்கும்போது நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதல் கோல் எரிக்குடையது இல்லை. வட்டு அவன்மேல் படவே இல்லை, லுண்டீன் அடித்ததுதான் நேரே போயிருக்கிறது. முதல் இடைவேளையிலேயே திருத்தி அறிவித்தார்களாம். அந்த அறிவிப்பைக் காற்று ஏரிக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு காதிலும் விழவில்லை. பேஸ்பால் ஸ்கோர் பலகையில் யார் போட்டது என்று எழுத இடமும் இல்லை. ஆகவே எரிக் போட்டது இரண்டுதான். தொப்பி வீசியது குற்றம். உள்ளூர் அணிக்கு இரண்டு நிமிஷம் ஓர் ஆள் குறைவு.

பதினாலாம் பகுதி முழுக்க ராயைப் பார்த்தது. ராய் வானத்தைப் பார்த்தான்.

"எந்திரி," என்றாள் மார்லிஸ்.

"மூணுன்னு எண்ணினேன் மார்லி."

"நானும்தான் எண்ணினேன். நான் வீசலியே. எந்திரி."

அவன் எழுந்தான். வழுக்கை மண்டையில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் தன் கழுத்திலிருந்த ரோஸ் சால்வையை அவிழ்த்து அவன் தலையில் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். "கேட்டுக்கு வெளிய நில்லு. உள்ள எட்டிப் பாத்தா தெரியும் சேதி." அவன் படியேறிப் போனான். ஒருவர்கூடக் கைதட்டவில்லை, எல்லார் கண்ணும் களத்திலேயே இருந்தது.

தண்டர் பே விடுவார்களா? தங்கள் கோல்கீப்பரையும் எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு இன்னொரு அடிக்கிற ஆளை இறக்கினார்கள். அந்தக் கோடியில் கோல் வாய் காலி. இந்தக் கோடியில் எங்கள் பையன்கள் வரிசையாக விழுந்து விழுந்து தடுத்தார்கள். பனி கனமாகப் பெய்ய ஆரம்பித்திருந்தது. ஒரு கும்பலிலிருந்து வட்டு உருண்டு வெளியே வந்தது. எரிக் அதன்மேல் விழாத குறையாகப் பாய்ந்து, கிடந்தபடியே மட்டையை வீசினான்.

வட்டு கிளம்பியது. உள்ளரங்கமாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் மறுகோடி போயிருக்கும். இங்கே புதுப்பனி. வட்டு அதில் உழுதுகொண்டு போயிற்று. நடுக்கோடு தாண்டியதும் நடக்கிற வேகம்தான். துரத்திய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

நான் வட்டைப் பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா? மார்லிஸைப் பார்த்தேன். அவள் தன் பகுதியின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்த வாயும் திறக்கவில்லை, யாரும் குதிக்கவில்லை. அத்தனை பேரும் தலையில் பனியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கோலா, இல்லையா? அந்த முகங்களில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ஹார்லன், என்னய்யா ஆகுது? வாயத் திறந்து சொல்லேன்யா!"

என் கழுத்தும் வட்டின் பக்கம் போய்விட்டது. அவள் திரும்பிவிட்டாள்.

திரும்பிய அந்தக் கணம் வட்டு கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். கோல் கோட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பனிக்குவியல். மார்லிஸ் இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"போ," என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகக்கூட வரும் என்று எனக்குத் தெரியாது. "போ கண்ணு. நான் பாத்தா என்ன இப்ப? போ."

வட்டு குவியலை முட்டியது, விளிம்பில் ஏறியது, தடுமாறிச் சரிந்து கோட்டைத் தாண்டிப் படுத்துக்கொண்டது.

சங்கு அலறியது. இப்போது உண்மையிலேயே மூன்று. அத்தனை கைகளும் பழக்கத்தில் தலைக்குப் போயின. அங்கே மயிரும் பனியும்தான் இருந்தன, தொப்பியெல்லாம் பீப்பாயில். ஒரு நொடி எல்லாரும் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு மைதானமே சிரித்தது. எரிக் எழுந்து வேலிப் பக்கம் பார்த்தான். அம்மாவின் முதுகைத் தேடியவனுக்கு அம்மாவின் முகம் கிடைத்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

மார்லிஸ் தன் நீலத் தொப்பியைக் கழற்றினாள். அதை ஒருதடவை பார்த்தாள். வீசினாள். பதினாலாம் பகுதியிலிருந்து ஒற்றைத் தொப்பி காற்றில் ஏறிப் போய், அவள் மகன் காலடியில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் தன் ஹெல்மெட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு, தண்டர் பே ஆட்கள் உட்பட ஆட்டக்காரர்கள் எல்லாரும் மட்டையைப் பனியில் தட்டிப் பாராட்ட, களத்தை ஒரு சுற்று வந்தான்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மார்லிஸ் என் பக்கம் வந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"என் பகுதியையும் நீயே பாத்துக்க, ஹார்லன்."

"ஏன், எங்க போற?"

"சாமான வீசினவங்க வெளிய போகணும்ல."

"அடிப் பாவி, ஹாட்ரிக்குக்கு வீசலாம்!"

"பனியில வீசலாம்னு அவங்க சட்டம். இது என் பகுதி."

படியேறினாள். பதினாலாம் பகுதி முழுவதும் எழுந்து நின்று, அவள் தலை மறையும்வரை கைதட்டியது. நான் சும்மா இருப்பேனா? இரண்டு பகுதியையும் அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே ராய், ரோஸ் சால்வையோடு, குதித்துக் குதித்து உள்ளே பார்க்க முயன்றுகொண்டிருந்தான்.

"சங்கு ஊதிச்சே! யாரு? எரிக்கா? நான் ஒண்ணும் பாக்கல மார்லி, எதுவுமே தெரியல இங்கிருந்து!"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாத்தேன்," என்றாள். "வா, சொல்றேன்."